மிளகாய் கீறிய கை ராத்திரி முழுக்க எரிவது ஏன்?

கேள்வி: மோர் மிளகாய் போட இரண்டு கிலோ பச்சை மிளகாய் கீறினேன். கீறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து விரல்கள் எரியத் தொடங்கி, விடியும்வரை தூக்கமில்லை. ஐஸ் தண்ணீரில் வைத்தால் அடங்குகிறது, எடுத்ததும் மறுபடி எரிகிறது. கொப்புளம் இல்லை. தோல் வெந்துவிட்டதா?

பதில்: வேகவில்லை. சூடே படாத இடத்தில் ‘சுடுகிறது’ என்று நரம்பு சொல்லிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தோலில் வந்து முடியும் வலி நரம்புகளின் நுனியில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் உண்டு. சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு பட்டால் அது திறந்து, மூளைக்குச் செய்தி போகும். மிளகாயில் உள்ள காரப்பொருளான கேப்சைசின் அதே புரதத்தில் ஒட்டிக்கொண்டு, சூடில்லாமலே அதைத் திறந்துவிடுகிறது. இதை 1997-இல் கண்டறிந்தது அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு. 2021 மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அறுசுவையில் சேர்த்துவிட்டோமே தவிர, காரம் உண்மையில் வலிதான். இல்லாவிட்டால் சுவை மொட்டே இல்லாத கையில் எப்படி உறைக்கும்? (பறவைகளின் டிஆர்பிவி1-க்கு மிளகாய் உறைப்பதில்லை. கிளி அலட்டிக்கொள்ளாமல் கொறிப்பது அதனால்தான்.)

விரல் நுனித் தோல் தடிமன் என்பதால் கேப்சைசின் இறங்க நேரமாகிறது. அதுதான் அந்த ஒரு மணி நேரத் தாமதம். இறங்கிவிட்டால் கழுவிப் பெரிய பலனில்லை. குளிர்ச்சி புரதத்தை அடக்கிவைக்கும். கையை வெளியே எடுத்ததும் தோல் சூடேறி, உள்ளே இருக்கும் கேப்சைசின் மறுபடி வேலையைக் காட்டும். அது இருக்கும்வரை வெதுவெதுப்பான தண்ணீர்கூடக் கொதிநீர் மாதிரி சுடும். அன்றைக்கு வெந்நீர்க் குளியல் வேண்டாம்.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே வேலை முடிந்த கையோடு, எரிச்சலுக்குக் காத்திராமல், தேங்காய் எண்ணெயை விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் நன்றாகத் தேயுங்கள். பழந்துணியால் துடைத்தெடுத்த பிறகே பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுக் கழுவ வேண்டும். துடைக்காமல் விட்டால் எண்ணெயே காரத்தைக் கை முழுக்கப் பரப்பிவிடும். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். எரிய ஆரம்பித்துவிட்டால் குளிர்ந்த ஈரத்துணி போதும். ஐஸ்கட்டியை நேரடியாக வைத்துக்கொண்டே இருந்தால், மிளகாய் செய்யாத புண்ணை ஐஸ் செய்துவிடும்.

அடுத்த முறை நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை வாங்கிக்கொள்ளுங்கள். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறையைக் கேப்சைசின் ஊடுருவிவிடும். இன்னொன்று, காரம் ஊறுவது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில். நெடுகக் கீறும்போது அதைத்தான் அறுக்கிறீர்கள். மோர் மிளகாய்க்குக் காம்போரம் ஊசியால் நாலு குத்து குத்தினாலே மோர் உள்ளே இறங்கிவிடும். கீறித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காண்டாக்ட் லென்ஸ் போடுபவரும் கைக்குழந்தையைத் தூக்குபவரும் அன்று கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் எண்ணெய், பால் எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுக் கழுவுங்கள். அதன் பிறகும் சிவப்போ பார்வை மங்கலோ இருந்தால் கண் மருத்துவரிடம் போங்கள். கை எரிச்சல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே அடங்கும். கொப்புளம் கிளம்பினால் மட்டும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.