குஷனுக்குப் புதுச்சீலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழகத்தில் எட்டு அடி பூல் மேசை ஒன்று இருக்கிறது. நடுச்சீலைக்கு ஒரு குறையும் இல்லை. ஆறு குஷன்களில் மூன்றில் மட்டும், பந்து முட்டும் விளிம்பான மூக்கோரம் சீலை தேய்ந்து கிழிந்துவிட்டது. கொழும்பிலிருந்து ஆளைக் கூப்பிட்டால் போக்குவரத்துச் செலவே தாங்காது. நாங்களே மாற்றலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் மூன்றோடு நிறுத்தாமல் ஆறையும் மாற்றுங்கள். புதுச்சீலையில் பந்து வழுக்கிக்கொண்டு திரும்பும், பழையதில் பிடித்துத் திரும்பும். ஒரே அடிக்கு இரண்டு குஷன் இரண்டு கோணம் காட்டினால் விளையாடுகிறவர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள். நடுச்சீலை தனியாக ஒட்டியோ ஸ்டேப்பிள் அடித்தோ இருக்கும். குஷனைக் கழற்றுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

துண்டு ஒன்று 6 அங்குல அகலம் இருக்கட்டும். நீளத்துக்கு றெயிலை (குஷன் றப்பர் ஒட்டியிருக்கும் மரச்சட்டம்) அளந்து, இரு முனையிலும் இரண்டிரண்டு அங்குலமாவது கூட்டுங்கள். எட்டு அடி மேசைக்குப் பெரும்பாலும் 50 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். சீலைச் சுருளின் நீளப்பக்கம் றெயிலின் நீளத்தோடு ஓடவேண்டும். அகலப்பக்கமே கூடுதலாக இழுபடும் என்பதால், மிச்சத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாவித்தால் ஒவ்வொரு குஷனும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ரோமம் உள்ள சீலையென்றால், அது படியும் திசையும் ஆறிலும் ஒன்றாக இருக்கவேண்டும்.

மேசைக்கு அடியில் றெயில் ஒன்றுக்குப் பொதுவாக மூன்று போல்ட் இருக்கும். கழற்ற முன் ஒவ்வொரு றெயிலின் அடியிலும் இலக்கம் எழுதுங்கள். கழற்றிய றெயிலைக் கவிழ்த்து, பழைய ஸ்டேப்பிள்களைத் தட்டையான ஸ்குரூ ட்ரைவராலும் குறடாலும் ஒன்றுவிடாமல் பிடுங்குங்கள். ஒன்று மிஞ்சினாலும் புதுச்சீலை அந்த இடத்தில் மேடு காட்டும். பிறகு நிமிர்த்திப் பழைய சீலையை மேல்நோக்கி இழுங்கள். மரமும் குஷனும் சேரும் பள்ளத்துக்குள் இருக்கும் மெல்லிய சிலாகை (ஃபெதர் ஸ்ட்ரிப்) சீலையோடு கிளம்பி வரும். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எந்த றெயிலினது என்று இலக்கம் போட்டு வையுங்கள். பள்ளத்தில் கிடக்கும் தூசையும் நூலையும் சுரண்டித் துப்புரவாக்குங்கள்.

இனித்தான் பலரும் பிழைவிடும் இடம். சீலையை நல்ல பக்கம் கீழே பார்க்க, றெயிலின் மரப்பக்கத்தில் விரியுங்கள். அதன் ஓரம் பள்ளத்தைத் தாண்டிக் குஷன் பக்கம் அரை அங்குலம் நீட்டிக்கொண்டு இருக்கவேண்டும். சிலாகையைச் சீலைக்கு மேலே பள்ளத்தின் நேரே வைத்து, ஒரு மரக்கட்டையை இடையில் பிடித்துத் தட்டி இறக்குங்கள். சுத்தியலால் நேரே அடித்தால் பள்ளத்தின் விளிம்பிலேயே சீலை அறுந்துபோகும். நடுவிலிருந்து முனைகளை நோக்கிப் போங்கள். இரு முனையிலும் மூன்று நான்கு அங்குலத்தைக் கடைசிக்கு விட்டு, சீலையை நீளவாக்கில் இழுத்துப் பிடித்துக்கொண்டு அதை இறக்குங்கள். இந்த இழுவை இல்லாவிட்டால், எத்தனை ஸ்டேப்பிள் அடித்தாலும் பொக்கெட் ஓரத்தில் சுருக்கம் நிற்கும். சிலாகை மரத்தின் மட்டத்துக்கு இறங்கினால் போதும். அதற்குமேல் அடித்தால் பள்ளம் குழிந்து தெரியும். மட்டத்துக்கு மேலே நின்றால் கோடுபோல் புடைக்கும்.

குஷன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தைப் புதிய பிளேட்டால் ஒட்ட வெட்டுங்கள். இனிச் சீலையைச் சிலாகைக்கு மேலாகப் புரட்டி, மூக்கைச் சுற்றி அடிப்பக்கம் கொண்டுவந்து ஸ்டேப்பிள் அடிக்கலாம். முதல் அடி நடுவில், பிறகு வலம் இடமாக அங்குலத்துக்கு ஒன்று. ஸ்டேப்பிள் கால் 6 முதல் 10 மில்லிமீற்றர் போதும். ஒவ்வொரு இழுப்பும் ஒரே பலத்தில் இருக்கவேண்டும்; ஸ்டேப்பிள் அடிக்கும் புள்ளியில் மட்டும் இழுத்தால் மூக்கோரம் அலை அலையாக வரும். விரலை மூக்கின்மேல் அழுத்தி ஓட்டிப் பாருங்கள். விரலுக்கு முன்னால் சீலை திரண்டால் தளர்வு. றப்பர் அமுங்கிக் கூர் மழுங்கியிருந்தால் இழுத்தது கூடிப்போச்சு.

பொக்கெட் முனைகளுக்கு அவசரம் வேண்டாம். சீலையை முனைறப்பரின்மேல் இழுத்து, மடிப்பு முழுவதும் அடியில் விழும்படி மடியுங்கள். அடியில் திரளும் சீலையை இரண்டு மூன்று இடத்தில் கீறிவிட்டால் படிந்து கிடக்கும். மேலே ஒரு மடிப்புத் தெரிந்தாலும் அந்த முனையைக் கழற்றித் திரும்பச் செய்யுங்கள். பந்து வந்து முட்டுகிற இடம் அது.

கேள்வி: சிலாகை இரண்டு முறிந்துவிட்டது. ஓடாவியிடம் தேக்கில் சீவித் தரச் சொல்லலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தேக்கு வேண்டாம். இதற்கு அமுங்கிக் கொடுக்கும் மென்மரம்தான் சரி. வன்மரத்தை அடித்து இறக்கினால் பள்ளத்தின் உதடு பிளந்து, றெயிலின் மேல்தகடு கிளம்பிவிடும். முறிந்த துண்டைக் கொண்டுபோய் அதே தடிப்பில் செய்விக்கலாம். ஒன்றை மட்டும் யோசியுங்கள்: பழைய சீலையைவிடப் புதியது தடிப்பென்றால், அதே சிலாகை இறுகிப்போகும். மண்கடதாசியால் பக்கங்களைக் கொஞ்சம் தேய்த்து, சீலைத்துண்டை வைத்து ஒரு முனையில் பரீட்சித்துப் பாருங்கள். கையால் அழுத்த அரைவாசி இறங்கி, மிச்சம் தட்டித்தான் இறங்கவேண்டும். தானாக விழுந்தால் தளர்வு. சிலாகையின் பக்கத்தில் மெல்லிய அட்டைக் கீற்று ஒன்றை ஒட்டிச் சமாளிக்கலாம்.

கேள்வி: சீலை மாற்றிய பிறகு ஒரு பக்கக் குஷன் மட்டும் ‘தொம்’ என்று சத்தம் போட்டுப் பந்தைத் திருப்பவே மாட்டேன் என்கிறது. சீலை சரியில்லையா?
– வாசகர், வவுனியா

பதில்: சீலையை விடுங்கள், முதலில் போல்ட்டைப் பாருங்கள். றெயில், நடுச்சீலைக்கு அடியில் இருக்கும் சிலேட்டுக் கல்லோடு இறுகாவிட்டால் பந்தின் வேகத்தை அது விழுங்கிவிடும். நடுப் போல்ட்டிலிருந்து தொடங்கி மூன்றையும் மாறிமாறி இறுக்குங்கள். அதற்கும் சரிவராவிட்டால் றப்பர்தான். மரத்திலிருந்து பசை விட்டிருக்கலாம். நகத்தால் அழுத்த இறுகிக் கிடந்தால் செத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். சீலை கழன்றிருந்தபோதே பார்த்திருந்தால் இரட்டை வேலை இல்லை. மாற்றும்போது மூக்கின் உயரத்தையும் அளவுங்கள். உலக பூல் விதிப்படி அது பந்தின் விட்டத்தில் 62.5 முதல் 64.5 சதவீதம். 57 மில்லிமீற்றர்ப் பந்துக்கு ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் வரும். மூக்கு அதைவிடப் பதிந்து போனால் பந்து துள்ளும்.

கேள்வி: மாரியில் செய்வதா, கோடையில் செய்வதா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: கம்பளிச்சீலை ஈரத்தை உறிஞ்சித் தளரும், காய இறுகும். அடைமழை நாளில் இழுத்து அடித்தால் பங்குனி வெயிலுக்கு அளவுக்குமேல் இறுகிவிடும். மழை விட்டு மரம் காய்ந்த தை, மாசி நல்லது. சோளகம் எழும்பிச் செம்மண் புழுதி பறக்கும் மாதங்களில் செய்வதானால் கதவு யன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். சீலைக்கும் றப்பருக்கும் நடுவில் ஒரு மணல் அகப்பட்டாலும் அது அந்த இடத்தை உள்ளிருந்தே அராவும்.

கேள்வி: புடைவைக் கடையில் பச்சை ‘ஃபெல்ட்’ மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போடலாமா?
– வாசகர், மல்லாவி

பதில்: வேண்டாம். அது நெய்த சீலை அல்ல, நாரை அமுக்கிச் செய்தது. இழுத்த இடத்தில் மெலிந்து, சீக்கிரமே மூக்கில் பிய்ந்துவிடும். பூல் மேசைக்கென்று நெய்த கம்பளி–நைலோன் கலவைச் சீலையையே கேட்டு வாங்குங்கள்.