ஒழுக்கு அடைபடட்டும், பாய்லர் காத்திருக்கும்

தங்கச்சி, உங்கள் கேள்வியைத் தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படித்தேன். இங்கிலாந்திலிருந்து லீவுக்கு வந்த இடத்தில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. ஓடு மாற்ற வந்தவர் மழைக்கு ஒதுங்கி நிற்கிறார். அவருக்கும் எனக்கும் அம்மா கட்டன் சாயா போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் மார்த்தாண்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போய் மூன்று வருடம். லீட்ஸில் 1905-இல் கட்டிய வரிசை வீடு, கடனில் வாங்கியது. கையில் மிச்சம் 4,000 பவுண்டு. படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூசணம், வீடெல்லாம் குளிர், வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் பழசு. விற்க வந்தவர் பாய்லரை மாற்றச் சொல்கிறார், ஊரிலிருந்து மாமியார் நல்ல பெயிண்டாக அடிக்கச் சொல்கிறார். எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கேஸ் சேஃப் (அங்கே கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவு உள்ள ஒருவரை வைத்து பாய்லரை சர்வீஸ் செய்யுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அவர் பத்திரம் என்று சொன்னால் பழைய பாய்லர் ஓடுகிற வரை ஓடட்டும்.

அப்புறம் வெளியே போய், மழை கொட்டும்போது உங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பாருங்கள். இதை நான் செய்யாமல் விட்டதற்கு மூன்று வருடம் வீணாகப் போனது. அங்கே எங்கள் வீட்டிலும் அதே மூலைதான். பூசணத்தைத் துடைத்து, அதற்கென்றே விற்கிற பெயிண்டை மூன்று முறை அடித்தேன். ஒவ்வொரு தையிலும் அது திரும்பி வந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருநாள் கை காட்டினார்: கூரையோரத்தில் மழைத்தண்ணீர் வடிகிற கட்டரில் புல் முளைத்திருந்தது. அடைத்த தண்ணீர் வழிந்து சுவரில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. ஏணிக்காரர் அரை நாளில் சுத்தம் செய்து, நழுவிக் கிடந்த இரண்டு ஸ்லேட்டு ஓட்டையும் சரி செய்தார். ஊரில் ஒழுக்கு நிற்காமல் யாராவது வெள்ளையடிப்பார்களா? அங்கே போனதும் எனக்கு அந்தப் புத்தி மறந்துவிட்டது.

1905-ஆம் வருடத்து வீடென்றால் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத கனத்த செங்கல் சுவராக இருக்கும், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. இடுக்கு விட்டிருக்கிறது என்று சிமெண்ட் வைத்துப் பூச விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். என் தாத்தா கட்டிய சுண்ணாம்புச் சுவருக்கு சித்தப்பா சிமெண்ட் பூசி, அது பாளம் பாளமாகப் பெயர்ந்ததை இந்தத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம்.

இன்னொரு தண்ணீர் நாமே உண்டாக்குவது. மூடாமல் மரச்சீனி அவிப்போம், புட்டு வைப்போம், நைட் டியூட்டி யூனிபார்மை ரேடியேட்டர் (பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடு) மேல் விரிப்போம். அந்த ஆவி போய்க் குளிர்ந்த மூலையில்தான் உட்காரும். சமையலறை, குளியலறை ஃபேன் உண்மையிலேயே காற்றை இழுக்கிறதா என்று ஒரு டிஷ்யூ தாளை வைத்துப் பாருங்கள். ஒட்டி நின்றால் சரி.

நம் பக்கத்து வீடுகள் காற்று ஓடுவதற்காகக் கட்டியவை. பத்மநாபபுரம் அரண்மனையில் மர அழி வழியே காற்று வந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயோ கதவடி, தபால் துவாரம், தரைப் பலகை இடுக்கு, பயன்படுத்தாத புகைபோக்கி வழியெல்லாம் காசு வெளியே போகும். பிரஷ் பட்டையும் ரப்பர் பட்டையும் வாங்கினால் ஒரு சனிக்கிழமை வேலை. காற்றோட்டத்துக்கென்றே வைத்த துளைகளை மட்டும் அடைக்க வேண்டாம்.

பெரிய லாபம் லாஃப்டில் இருக்கிறது, நம்மூர் மச்சு மாதிரி. அங்கே சிபாரிசு செய்வது 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் குளிர் தடுக்கிற கண்ணாடிக் கம்பளி. பழைய வீடுகளில் 100 இருந்தாலே அதிசயம். கூரை விளிம்பில் காற்றுக்கு இடம் விட்டு விரியுங்கள். ஆள் வைத்துப் போட்டால் 2027 மார்ச் வரை வாட் வரி பூஜ்யம், நீங்களே வாங்கிப் போட்டால் வரி உண்டு. அப்படியும் சொந்தக் கை வேலைதான் மலிவாக முடியும். வாசலில் வந்து நின்று லாஃப்டில் நுரை அடித்துத் தருகிறேன் என்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். அந்த நுரை இருக்கும் வீட்டுக்குச் சில வங்கிகள் கடன் தருவதில்லை, பின்னால் விற்கும்போது தலைவலி.

செலவே இல்லாத ஒரு வேலையும் உண்டு. காம்பி பாய்லர், அதாவது தொட்டி இல்லாமல் அப்போதைக்கப்போது வெந்நீர் தருவது என்றால் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 60 டிகிரிக்குக் குறையுங்கள். பலர் வீட்டில் அது 70, 80-இல் கிடக்கும். குறைத்தால்தான், புகையோடு போகும் சூட்டையும் மீட்கிற கண்டென்சிங் பாய்லர் தன் வேலையைச் செய்யும். வெந்நீர்த் தொட்டி தனியாக இருந்தால் இதைத் தொடாதீர்கள், தொட்டித் தண்ணீர் 60-க்குக் கீழே போகக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு மிச்சமிருந்தால் ஜன்னல். நான் முதலில் ஜன்னலைத்தான் மாற்றினேன், தெருவில் அழகாக இருந்தது, உள்ளே குளிர் அப்படியேதான். பாய்லர் ஒருநாள் கண்ணை மூடும்போது, வெளியிலுள்ள சூட்டைக் கரண்டில் உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் பற்றி யோசியுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கு அரசு 7,500 பவுண்டு தருகிறது, ஆனால் ஒழுகும், காற்று புகும் வீட்டில் அதைப் போட்டுக் கரண்ட் பில்லைப் பார்த்து அழ வேண்டாம்.

லாஃப்டில் ஏறும்போது உங்கள் வீட்டுக்காரரை உத்தரத்தின் மேலேயே கால் வைக்கச் சொல்லுங்கள். நான் நடுவில் மிதித்தேன். என் முழங்கால் வரை படுக்கையறைக்குள் தொங்கியதை கீழே நின்ற மகள் போட்டோ எடுத்து, அன்றைக்கே அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். ஓடு மாற்றுகிறவரிடம் இப்போது அந்தக் கதைதான் நடந்துகொண்டிருக்கிறது.