ஆலைப் புகையிலிருந்து பிடித்த கரியமில வாயுவைப் பயனுள்ள பொருளாக்க முடியுமா?

முடியும். ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. இந்த வேதியியலில் பாதி உப்பின் வேலைதான்.

காரக்பூர் ஐஐடியில் படித்த அனிருத்த சர்மாவும் பிரதீக் பம்பும் 2009இல் கார்பன் கிளீன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நிலக்கரிக் கொதிகலனின் புகையை அவர்கள் உருவாக்கிய கரைசலின் ஊடே செலுத்தினால், அது கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். பிறகு அதே கரைசல் மறுபடி வேலைக்கு வரும். வாலிநோக்கத்துக்குத் தென்மேற்கே, தூத்துக்குடியில் ஒரு சோடா ஆலை 2016இல் இந்த முறையைக் கையாளத் தொடங்கியது. உப்புநீரில் அம்மோனியாவைக் கரைத்து, பிடித்த வாயுவை உள்ளே விட்டால் சமையல் சோடா படியும். அதைச் சுட்டால் சலவைச் சோடா; கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் அதுதான் மூலப்பொருள். உடன் கிடைக்கும் அம்மோனியம் குளோரைடு உரமாகிறது. புகையாகப் போக வேண்டியது வயலுக்கும் வீட்டுக்கும் பொருளாக வருவதை நினைத்தாலே எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. 106 கிலோ சலவைச் சோடாவில் 44 கிலோ கரியமில வாயு அடங்கியிருக்கிறது. கண்ணாடி உலையில் உருகும்போது அது மீண்டும் காற்றில் கலந்துவிடும். காற்றில் சேரும் இந்த வாயுவால் கடல் சூடேறி, மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளுப்பதைக் கண்டு கவலைப்படுகிறவர்களுக்கு இது போதாது. நெடுங்காலம் பூட்டிவைக்க, கான்கிரீட்டுக்குள் வாயுவைச் செலுத்திச் சுண்ணாம்புக் கல்லாக இறுகச் செய்யும் வழியே மேல்.