நட்சத்திர வீரர் இல்லாத அணி கோப்பை வெல்லுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் கூடைப்பந்து அணியில் அதிகப் புள்ளி எடுத்த மாணவன் விளையாட்டு விடுதிக்குப் போய்விட்டான். மற்றவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே தரம். நட்சத்திரம் இல்லாத அணி இன்று சாம்பியன் ஆக முடியுமா? ஒருவனைத் தேர்ந்தெடுத்து அவனை வைத்தே ஆட்டத்தை அமைக்கட்டுமா?

பதில்: முடியும். ஆனால் அது எந்தப் போட்டி என்பதைப் பொறுத்தது.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் இது மிக அரிது. எல்லாரும் சொல்வது 2004 டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட் இருந்த லேக்கர்ஸை 4-1 என்று சாய்த்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் வெறும் 68 புள்ளிகளில் அடக்கினார்கள். தடுப்பாட்டம் தந்த கோப்பை அது. அதே வழியில் போன அட்லாண்டா ஹாக்ஸ் 2014-15 பருவத்தில் 60 ஆட்டங்கள் வென்றது, நால்வர் ஆல்-ஸ்டார் (அந்தப் பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான காட்சி ஆட்டம்) அணிக்குத் தேர்வானார்கள். கடைசியில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்திடம் 0-4 என்று தோற்றது.

காரணம் போட்டி முறையில் இருக்கிறது. ஒரே எதிரியோடு ஏழு ஆட்டங்கள் வரை மோத வேண்டும். மூன்றாவது, நான்காவது ஆட்டத்துக்குள் உங்கள் பாஸ் எங்கே போகும் என்பது அவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். திட்டம் உடைந்து, ஷாட் போடக் கிடைக்கும் 24 விநாடியில் நான்கைந்து மட்டும் மிச்சம் இருக்கும்போது தனியாக ஒரு ஷாட்டை உருவாக்க ஆள் வேண்டும். நட்சத்திரத்தின் வேலை அதுதான்.

உங்கள் மாணவர்கள் ஆடுவது வேறு களம். குறுவட்டம், மாவட்டம் என்று எல்லாமே ஒரே ஆட்டத்தில் முடிவாகும். எதிரணிக்குப் படிக்க நேரமில்லை. சர்வதேச விதிப்படி ஐந்து ஃபவுலில் ஆள் வெளியே. தடுப்பவர் வளையத்தின் கீழேயே நிற்கலாம். என்பிஏவில் மூன்று விநாடிக்கு மேல் அப்படிச் சும்மா நிற்க முடியாது. ஆகவே ஜோன் (ஆளைத் தொடராமல் அவரவர் இடத்தைக் காக்கும் தடுப்பு) போட்டுத் தனி ஆளை மூச்சுத் திணற வைப்பது இங்கே எளிது. 2023 கூடைப்பந்து உலகக் கோப்பையைப் பாருங்கள்: அரையிறுதியில் அமெரிக்காவை 113-111 என வென்ற ஜெர்மனி, தன் பெரிய நட்சத்திரம் யோகிச் இல்லாமலேயே இறுதிக்கு வந்த செர்பியாவை 83-77 என வென்றது. ஜெர்மனியின் டென்னிஸ் ஷ்ரோடர் என்பிஏவில் பெரிய நட்சத்திரம் அல்ல. ஆனாலும் இறுதியில் 28 புள்ளி எடுத்தார். நெருக்கடியில் பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்பதில் அந்த அணிக்குக் குழப்பமே இல்லை.

அதனால் ஒருவனைச் சுற்றி அணியைக் கட்ட வேண்டாம். அவனுக்கு மூன்று ஃபவுல் விழுந்தாலே உங்கள் திட்டம் தீர்ந்துவிடும். பத்துப் பேரையும் தயார் செய்து, மாற்றி மாற்றி இறக்கி, முழு மைதானத்திலும் பந்தை நெருக்குங்கள். பள்ளி அளவில் இதைத் தாங்கிப் பந்தை நகர்த்தும் அணிகள் குறைவு. எதிரணியில் ஒரு பெரிய ஆட்டக்காரன் இருந்தால் அவனை இருவர் மாறி மாறிக் காக்கட்டும்; களைத்துப்போவான். ரீபவுண்டுக்கு (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிக்க) ஐந்து பேரும் ஆளை மறித்து நிற்கப் பழக்குங்கள், உயரக் குறைவு பாதி மறையும்.

அப்புறம், கடைசி விநாடிகளுக்கு மட்டும் இருவரைக் குறித்து வையுங்கள். தினமும் பயிற்சி முடிவில், எல்லாரும் சோர்ந்திருக்கும்போது, எட்டு விநாடி, ஒரு புள்ளி பின்தங்கல் என்று சொல்லிப் பந்தை அவர்களிடம் கொடுங்கள். ஃப்ரீ த்ரோவும் அதே சோர்வில்தான் போட வேண்டும்.