லூபிச் படத்தில் சிரிப்பு எங்கே இருக்கிறது?

வணக்கம். இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிச்சின் ‘ட்ரபிள் இன் பாரடைஸ்’ (1932) படத்தைப் பார்த்தும் சிரிப்பே வரவில்லை, இதில் எதைப் புகழ்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நகைச்சுவையை வசனத்தில் மட்டும் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லூபிச் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை நம்மிடம் விட்டுவிடுவார்.

தொடக்கத்தையே மறுபடி பாருங்கள். வெனிஸ் நகர இரவு, படகு, பாட்டு. ஆனால் அந்தப் படகில் இருப்பது குப்பை! காதல் கதைக்கு இப்படி ஒரு வாசல் திறக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

அப்புறம் அந்த இரவு விருந்து. இரண்டு திருடர்கள், பிரபுவும் சீமாட்டியுமாக நடிக்கிறார்கள். அவள் சுட்ட பர்ஸை அவன் மீட்கிறான், அவளுடைய நகைப் பதக்கத்தைத் திருப்பித் தருகிறான். அவள் அவனுடைய சட்டைப்பைக் கடிகாரத்தை நீட்டுகிறாள். கடைசியில் அவளது காலுறைப் பட்டியும் அவனிடம்தான்! அங்கேதான் காதல் பிறக்கிறது.

முக்கியமாக, கடிகாரக் காட்சியைத் தவற விடாதீர்கள். மாலை 5 மணியிலிருந்து கடிகாரங்களை மட்டுமே காட்டுகிறார். ஆட்கள் தெரிவதில்லை, குரல்கள்தான் கேட்கின்றன. பேசும்படம் வந்து சில வருடங்களே ஆன நேரத்தில், ஒலியை இப்படிப் பயன்படுத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

சரி, இன்னொரு முறை பாருங்கள். இந்தத் தடவை மூடிய கதவுகளையும் கவனியுங்கள்.