கால்வாய்ப் படகில் திடீர் உடல்நலக்குறைவு: முதலில் சரிசெய்ய வேண்டியது முகவரி

கேள்வி: நானும் என் கணவரும் (வயது 61) பணி ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தில் ஒரு நேரோபோட் (கால்வாய்களுக்கென்றே குறுகலாகவும் நீளமாகவும் கட்டப்படும் படகு) வாங்கி, நிலையான நிறுத்துமிடம் ஏதுமின்றிக் கால்வாய்களில் நகர்ந்தபடியே வாழ்ந்து வருகிறோம். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலை அவருடைய வலது கை மரத்துப் பேச்சும் குழறியது. அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, "ஒரு பாலத்துக்குப் பக்கத்தில்" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் அவருக்குச் சரியாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து சேர வெகுநேரம் ஆனது. மினி ஸ்ட்ரோக் (சற்று நேரத்தில் தானே மறையும் சிறு பக்கவாதம்) என்று சொல்லி, இரத்தக்கட்டி உருவாகாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எனக்கு இரவில் உறக்கமில்லை. மறுபடியும் வந்தால் என்ன செய்வது? படகை விற்றுவிட வேண்டுமா?

பதில்: அன்று நீங்கள் செய்தவற்றில் மிக முக்கியமானதைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டதே என்று பலர் தொலைபேசியைக் கீழே வைத்துவிடுவார்கள், நீங்கள் வைக்கவில்லை. முகம் ஒருபக்கம் கோணுதல், கையைத் தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று தோன்றினாலும், தோன்றி மறைந்தாலும், அது 999-க்கு உரிய விஷயமே. மினி ஸ்ட்ரோக் வந்த பிறகு வரும் சில நாட்களில்தான் முழுப் பக்கவாதம் வரும் அபாயம் மிகுதி; அதனால்தான் அறிகுறி தோன்றிய 24 மணி நேரத்துக்குள் நோயாளியை நிபுணர் பார்த்துவிட வேண்டும் என்று அங்குள்ள மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த முதல் கட்டத்தை நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள், மாத்திரையும் தொடங்கியாகிவிட்டது. ஆகவே இப்போது கவனிக்க வேண்டியது நோயைவிட அதிகமாக அன்று வீணான நேரத்தைத்தான். படகில் வாழ்வதால் நோய் வருவதில்லை. ஆனால் நோய் வந்தவரைக் கண்டுபிடித்து, அணுகி, வெளியே எடுப்பது படகில் கடினம். இந்த மூன்றையும் முன்கூட்டியே எளிதாக்கி வைக்க முடியும்.

முதலாவது, இடமும் அதை அணுகும் வழியும். ஆங்கிலேயக் கால்வாய்ப் பாலங்களில் பெரும்பாலானவற்றின் வளைவில் ஒரு சிறிய எண் தகடு பதிக்கப்பட்டிருப்பதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். அந்த எண்தான் உங்கள் வீட்டு எண். ஆனால் பெரும்பாலான கால்வாய்கள் தம் எண்களை ஒன்றிலிருந்து தொடங்குவதால், 39-ஆம் பாலம் என்பது நாட்டில் பல இடங்களில் இருக்கிறது. "ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாய், 39-ஆம் பாலம்" என்று கால்வாயின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முகவரியாகும். பிற்காலத்தில் கட்டப்பட்ட பாலங்களுக்கு 21ஏ என்பதுபோல எழுத்து சேர்ந்திருக்கும்; அந்த எழுத்தை விட்டுவிட்டால் வண்டி வேறு பாலத்துக்குப் போய்விடும். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. கால்வாய்ப் பாலங்களில் பல, விவசாயி தன் வயலின் இருபுறத்துக்கும் போய்வரக் கட்டிக்கொடுத்தவை. அவற்றின் மீது பொதுச்சாலை கிடையாது. எனவே ஒவ்வொரு மாலையும் கயிறு கட்டி முடித்ததும், கால்வாயின் பெயர், அருகிலுள்ள பாலத்தின் எண், வண்டி வரக்கூடிய மிக அருகிலான சாலைப் பாலத்தின் எண், அங்கிருந்து நடக்க வேண்டிய தூரம், படகு கால்வாயோரப் பாதையின் பக்கம் நிற்கிறதா எதிர்ப்பக்கம் நிற்கிறதா என்ற ஐந்து விவரங்களையும் ஒரு சிறிய வெள்ளைப் பலகையில் எழுதிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பதறும்போது நினைவு கைகொடுக்காது. எழுதி வைத்ததை வாசிக்க மட்டும் முடியும்.

மூன்று சொற்களால் இடத்தைக் குறிக்கும் வாட்த்ரீவேர்ட்ஸ் செயலியை அங்குள்ள பெரும்பாலான ஆம்புலன்ஸ் சேவைகள் ஏற்கின்றன. அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒருமை, பன்மை மாறினாலே வேறு ஊரைக் காட்டிவிடும். நம் உச்சரிப்பில் அந்தத் தவறு நேர்வது எளிது என்பதால், ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள். இப்போதைய திறன்பேசிகளில் பெரும்பாலானவை 999-ஐ அழைத்ததுமே இருப்பிடத்தைத் தாமாகவே அனுப்பிவிடுகின்றன. ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தை அது சொல்லுமே தவிர, எந்த வாயிற்கதவு வழியாக உள்ளே வருவது என்பதைச் சொல்லாது.

சிக்னல் இல்லாத இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைத்தாலும் 999 அழைப்பு போகும். அதனால் திரையில் கோடுகள் இல்லை என்று அழைக்காமல் இருந்துவிடாதீர்கள். குரல் அழைப்புக்குப் போதாத சிக்னலில் குறுஞ்செய்தி போகக்கூடும். அதற்கு முன்பதிவு அவசியம்: 999 என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்' என்ற ஒற்றைச் சொல்லை அனுப்பி, வரும் பதிலில் சொல்வதுபோல உறுதிசெய்தால் போதும். இன்றே இருவர் தொலைபேசியிலும் செய்துவிடுங்கள். ஆனாலும் இந்தச் சில மாதங்களுக்கு இரவு நிறுத்தத்தை பாறையை ஆழமாக வெட்டிக் கால்வாய் அமைத்திருக்கும் பகுதிகளுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே அழகு இருக்கிறது, சாலை இல்லை.

இரண்டாவது, படகிலிருந்து வெளியே எடுப்பது. நேரோபோட்டின் மொத்த அகலமே ஏறக்குறைய 2.1 மீட்டர், குளியலறையை ஒட்டிய நடைவழியில் ஒருவர் தோளைச் சாய்த்துத்தான் போக வேண்டியிருக்கும். ஸ்ட்ரெச்சர் அங்கே திரும்பாது, பாராமெடிக்குகள் பெரும்பாலும் தூக்கு நாற்காலியைத்தான் பயன்படுத்துவார்கள். உங்கள் படகில் முன்வாசல், பின்வாசல் இரண்டில் எதன் படிகள் குறைவானவை, எது அகலமானது என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்து, அந்த வாசலில் நிலக்கரி மூட்டை, மிதிவண்டி, பூந்தொட்டி எதுவும் இராதபடி வைத்திருங்கள். படகுவாசிகள் இடநெருக்கடியால் முன்தளத்தைக் கிடங்காக்கிவிடுவது வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். உதவி வரும்வரை நோயாளியைக் கரைக்கு நடத்திச் செல்ல முயலாதீர்கள். இருந்த இடத்திலேயே உட்காரவோ சாயவோ வையுங்கள். இருட்டியிருந்தால் சுரங்க விளக்கை (சுரங்கங்களைக் கடக்கப் படகின் முன்னால் பொருத்தியிருக்கும் விளக்கை) போட்டுவிடுங்கள்: வயல்வெளியில் வரிசையாக நிற்கும் கரிய படகுகளில் எது உங்களுடையது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட எதுவும் இல்லை. பக்கத்துப் படகில் ஆள் இருந்தால் ஒரு டார்ச்சுடன் அவரைச் சாலைப் பாலத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சுவலி என்றால் ஆஸ்பிரின் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைக்கூட 999-இல் பேசுபவர் சொன்ன பிறகே கொடுக்க வேண்டும். பக்கவாத அறிகுறிக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது, ஏனெனில் அது அடைப்பா, மூளைக்குள் இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பிறகே தெரியும். அறிகுறி தொடங்கிய நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாமா என்ற முடிவு அந்த நேரத்தைப் பொறுத்தே இருக்கும்.

படகுக்கே உரிய இன்னொரு சந்தேகத்தையும் மனதில் கொள்ளுங்கள். திட எரிபொருள் அடுப்பும் எரிவாயுவும் உள்ள மூடிய அறையில் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, தள்ளாட்டம் வந்தால், அதிலும் இருவருக்கும் ஒருசேர வந்தால், முதலில் நினைக்க வேண்டியது கார்பன் மோனாக்சைடு. உடனே இருவரும் வெளியேறிக் கரையில் நின்றபடி அழையுங்கள். என்ன சந்தேகம் என்பதையும் சொல்லுங்கள். தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்புத் திட்டத்தின்படி கட்டாயம். உங்கள் கருவியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டைப் பாருங்கள்; பலர் பார்ப்பதேயில்லை.

குளோபிடோக்ரல் சாப்பிடுபவர் தலையை இடித்துக்கொள்வது அற்பமான விஷயமன்று. பின்வாசல் மேல்மூடியில் இடித்துக்கொள்ளாத படகுவாசி இல்லை. அவர் இடித்துக்கொண்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே, உயிராபத்து இல்லாதபோது அழைக்கும் மருத்துவ ஆலோசனை எண்ணான 111-ஐ அழைத்துக் கேளுங்கள். தேவைப்பட்டால் 111-இல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். மேல்மூடியின் விளிம்பில் தடித்த நுரைப்பட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, படகு ஓட்டுவது. மினி ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஒரு மாதம் கார் ஓட்டக்கூடாது என்பது அங்குள்ள விதி. கால்வாயில் சொந்தப் படகு ஓட்ட ஓட்டுநர் உரிமமே தேவையில்லாததால் அந்த விதி சுக்கானைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பல டன் எஃகைச் செலுத்துபவரின் வலது கை மரத்தால் என்ன ஆகும் என்பதை எண்ணி, அந்த ஒரு மாதத்தை இங்கும் கடைப்பிடிக்கச் சொல்வேன், காப்பீட்டு நிறுவனத்திடமும் தெரிவிக்கச் சொல்வேன். அதைவிட முக்கியம், நீங்கள் தனியாகப் படகை நிறுத்தப் பழகுவது. கியரை நடுநிலைக்குக் கொண்டுவருவது, படகின் நடுவில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் இறங்கிக் கட்டுவது, இயந்திரத்தை அணைப்பது ஆகிய மூன்றும் போதும். பல டீசல் இயந்திரங்கள் சாவியைத் திருப்பினால் நிற்பதில்லை, தனியே ஒரு நிறுத்துப் பொத்தானையோ இழுகம்பியையோ இயக்க வேண்டும். உங்களுடையது எப்படி என்று நீங்களே பத்துமுறை செய்து பாருங்கள். நீர்ப்பூட்டுக்குள் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவுள்ள தொட்டிக்குள்) இருக்கும்போது அவருக்கு ஏதாவது ஆனால், அவரிடம் ஓடுவதற்கு முன் மடைகளை இறக்கி நீரோட்டத்தை நிறுத்துங்கள். அதற்கு அதிக நேரம் ஆகாது.

நகர்ந்துகொண்டேயிருக்க வேண்டுமே என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. நிலையான நிறுத்துமிடம் இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கக்கூடாது என்று சொல்லும் 1995-ஆம் ஆண்டுச் சட்டமே, 'சூழ்நிலைக்கேற்ற நியாயமான கூடுதல் காலம்' என்பதையும் அனுமதிக்கிறது. நோய் அத்தகைய சூழ்நிலைதான். கால்வாய்களை நிர்வகிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் அமைப்புக்கு, நாட்கள் கடப்பதற்கு முன்பே, மருத்துவமனைக் கடிதத்தின் நகலுடன் எழுதிக் கேளுங்கள். அங்கே நலன் கவனிக்கும் அலுவலர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகும்போது சிலிண்டர் வால்வை மூடிப் பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவது தவிர, நீங்கள் படகைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரம் அதுவல்ல.

நிலையான முகவரி இல்லை என்பதற்காகக் குடும்ப மருத்துவர் உங்களைப் பதிவுசெய்ய மறுக்கக்கூடாது. முகவரிச் சான்று கட்டாயமன்று, மருத்துவகத்தின் முகவரியையே எழுதிக்கொள்ளலாம். ஓர் ஊரில் 24 மணி நேரத்துக்கு மேலாகவும் மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் தங்கினால், தற்காலிக நோயாளியாகவும் பதியலாம். மருந்துச்சீட்டு எந்த மருந்தகத்துக்குப் போக வேண்டும் என்பதை இங்கிலாந்துக்குள் அரசுப் பொதுச் சுகாதார சேவையான என்எச்எஸ்-இன் செயலியிலேயே மாற்றலாம் என்பதால், படகு நகர்ந்தாலும் மாத்திரை விடுபடத் தேவையில்லை. ஆனால் மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள்.

படகை விற்பதா என்ற கேள்விக்கு இந்த மாதம் பதில் தேடாதீர்கள். பயத்தில் விற்பவருக்கு விலையும் குறைவாகவே கிடைக்கும். அடுத்த மறுபரிசோதனையில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: கழுத்து இரத்தக்குழாயிலோ இதயத் துடிப்பிலோ காரணம் ஏதேனும் கண்டார்களா, நீர்ப்பூட்டுக் கதவுகளைத் தள்ளுவது, இருபது கிலோ நிலக்கரி மூட்டையைத் தூக்குவது போன்ற வேலைகளை அவர் எப்போது தொடங்கலாம். வீட்டு வேலைகள் என்று பொதுவாகச் சொன்னால் மருத்துவர் தரைவீட்டைத்தான் நினைப்பார்; கழிவறைப் பெட்டியைக் காலி செய்வது உட்பட ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அவர் தயங்கினால், நவம்பரிலிருந்து பிப்ரவரி இறுதி வரை கிடைக்கும் குளிர்கால நிறுத்துமிடங்களில், சாலைக்கும் மருத்துவமனைக்கும் அருகிலான ஒன்றை இப்போதே பார்த்து வையுங்கள். படகு உங்களிடமே இருக்கும், வண்டியும் வாசல்வரை வரும்.