பதில்: மன்னிப்புக் கேட்டுவிட்டேன், ஆனால் திருவிருந்தில் கைநீட்ட முடியவில்லை

சபைக் காணிக்கையில் கைவைத்தீர்கள், நீங்களே போய் ஒப்புக்கொண்டீர்கள், முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தீர்கள். இரண்டு வருடம் ஆகியும் திருவிருந்து நேரத்தில், அதாவது இயேசுவின் நினைவாக சபையார் அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் நேரத்தில், எழுந்து வெளியே போய்விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சரி, நேராகவே கேட்கிறேன்: இன்னும் எதை அடைக்க வேண்டியிருக்கிறது?

பைபிளில் யோவான் 18ஆம் அதிகாரத்தில் சீடன் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று சொன்னது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில். 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருக்கிறார். மூன்று முறை மறுத்தவனிடம் மூன்று முறை, ‘என்னை நேசிக்கிறாயா?’ பேதுரு துக்கப்பட்டான் என்றும் எழுதியிருக்கிறது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சாப்பாடு, அப்புறம்தான் கேள்வி. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் தம் ஆடுகளை, அதாவது தம் மக்களை, பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வேறு!

திருவிருந்துக்கு முன் தன்னைச் சோதித்தறியச் சொல்கிறதே என்று நீங்கள் பயப்படுகிற 1 கொரிந்தியர் 11:28 வசனத்தை முழுசாகப் படியுங்கள். தன்னைச் சோதித்தறிந்து விலகிப் போகச் சொல்லவில்லை, புசிக்கச் சொல்கிறது. நானும் பாதி வசனத்தோடு ரொம்ப நாள் ஓடியவன்தான்.

மற்றவர்கள் பார்ப்பார்களே என்கிறீர்கள். சிலர் பார்ப்பார்கள், அதை மறைக்க மாட்டேன். யாரிடம் ஒப்புக்கொண்டீர்களோ அந்தப் போதகரிடமே இந்த வெட்கத்தையும் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் பக்கத்திலேயே உட்காருங்கள்.